பத்து மணிக்கு நான் எங்கே இருக்கிறேன்

உன் இரண்டு தாள்களையும் இன்று காலை மறுபடி வெளியே எடுத்தேன். கொப்பியின் நடுவிலிருந்து பிய்த்த தாள்கள். முதல் தாளின் வலது ஓரத்தில் உன் பெருவிரல் கறை அப்படியே இருக்கிறது, தேயிலைக் கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்த விரலின் கறை. மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் பச்சைக் கொழுந்தும் விறகுப் புகையும் கலந்த வாசம் இன்னமும் வருகிறது. உண்மையிலேயே வருகிறதா, நானாக நினைத்துக்கொள்கிறேனா என்று தெரியவில்லை. எப்படியோ, எனக்கு வந்தது.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நேற்றுப் பள்ளி அதிபர் அறையில் இந்தத் தாள்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. பள்ளி ஆண்டு மலரைத் தொகுக்கிற பொறுப்பு இந்த வருடமும் என்னிடம்தான். மலரின் விருந்தினர் பக்கத்தில் உன் கட்டுரையைப் போடப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்கிறார்கள். வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உன்னிடம் கொட்டாமல் அதை வேறு யாரிடம் கொட்டுவேன்?

விருந்தினர் பக்கத்தை வைத்து நீ செய்த கேலி கொஞ்சமா? வருடா வருடம் வெளியாட்கள் நான்கைந்து பேரிடம் கல்வியைப் பற்றி எழுதி வாங்குவோம். கல்வி அலுவலகத்தில் இருக்கும் ஒருவர், பதுளையில் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், கொழும்பில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவர். கல்விதான் நம்மை உயர்த்தும் என்று ஆரம்பித்து, பெற்றோர் விழிப்படைய வேண்டும் என்று முடிப்பார்கள். "வெளிய இருந்து வந்து எழுதுறவுங்க விருந்தாளின்னா, அடுப்பு மூட்டுறவ யாரு டீச்சர்? அவளுக்கு ஒரு பக்கம் கெடையாதா?" என்று ஒரு நாள் கேட்டாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

நீ டீச்சர் என்று கூப்பிடும்போதெல்லாம் அதில் ஒரு குத்தல் இருக்கும். தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் பிறந்தவர்கள் நாம். சுவருக்கு அந்தப் பக்கம் உன் அம்மா உன்னைத் திட்டினால், இந்தப் பக்கம் எனக்கும் சேர்த்து விழும். பள்ளியில் உட்கார ஒரே வாங்கு. கட்டுரை எழுதச் சொன்னால் நீ முதலில் முடித்துவிட்டு, என் கொப்பியை இழுத்துப் பார்த்து, "என்னா புள்ள இது, கஞ்சித் தண்ணியாட்டம் இருக்கு" என்பாய். எனக்கு அழுகை வரும். ஆனால் நீ சொன்ன இடத்தைத் திருத்தினால் கட்டுரை நன்றாகத்தான் ஆகும்.

சாதாரண தரப் பரீட்சையில் நான் கணக்கில் சித்தியடைந்தேன், நீ அடையவில்லை. மூளையில் நீ எனக்குக் குறைந்தவளா? நம் பள்ளியில் அப்போது கணக்கு வாத்தியார் என்று ஒருவர் இருந்ததே இல்லை. எனக்குப் பதுளையில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்த மாமா இருந்தார். சனி ஞாயிறு அவர் வீட்டில் தங்கி டியூஷன் வகுப்புக்குப் போனேன். உனக்கும் ஒரு மாமா இருந்தார், ஹல்துமுல்லையில். அவரும் உன் அம்மாவைப் போலத் தேயிலை மலையில்தான் வேலைக்கு நின்றார். நான் தெமோதரையில் பஸ் ஏறி உயர்தரம் படிக்கப் போன அதே வாரம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் நீ போய் நின்று பேர் கொடுத்தாய். "எழுத்து ஒனக்கு, கொழுந்து எனக்கு. பங்கு பிரிச்சாச்சு" என்றாய். பிரித்தது நீயுமில்லை நானுமில்லை என்று நம் இருவருக்கும் தெரியும்.

பிறகு நான் படித்து முடித்து நம் பள்ளிக்கே ஆசிரியையாக வந்தேன். வருடங்கள் ஓடி உன் மகள் என் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெற்றோர் கூட்டம் எப்போதும் காலை பத்து மணிக்கு. யார் வைத்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. பத்து மணிக்கு அம்மாமார் அத்தனை பேரும் மலையில் நிற்பார்கள். இறங்கி வந்தால் அன்றைக்கு அரைப்பேர், பாதி நாள் சம்பளம் போய்விடும். வந்த ஏழெட்டுப் பேரை வைத்துக் கூட்டத்தை நடத்திவிட்டு, வராதவர்கள் பெயருக்கு நேரே சிவப்புப் பேனாவால் கோடு போடுவோம். நானும் போட்டிருக்கிறேன். பத்து மணிக்கு என் அம்மா எங்கே இருப்பாள் என்று தெரிந்து வளர்ந்தவள் நான். அந்த நேரத்தை ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆசிரியர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கத் தொடங்கியதும் எனக்கு மலை மறந்துவிட்டது.

ஒரு கூட்டத்துக்கு நீ வந்தாய். நாலாம் நம்பர் மலையிலிருந்து, மழையில், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு. வாசலில் நின்று அதை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து வரிசையில் நின்றாய். உன் முறை வந்தபோது நான் பிள்ளைகளின் மார்க்ஸ் புத்தகத்திலிருந்து தலையை முழுதாகத் தூக்கவில்லை.

"மத்த பாடம் பரவாயில்ல. கணக்கு இவளுக்கு வராது," என்றேன்.

மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. உனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். நீ "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, மறுபடி படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறிப் போனாய். நீ என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். எனக்கு அன்றைக்கு அது உறைக்கவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வருட மலரில் விருந்தினர் ஒருவர், தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை, கூட்டத்துக்கு அழைத்தாலும் வருவதில்லை என்று எழுதியிருந்தார். அவருக்கு அந்தத் தகவல் எங்கள் சிவப்புக் கோடுகளிலிருந்துதான் போயிருக்க வேண்டும். உன் மகள் மலரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நீ அடுப்படியில் நின்றபடி அதை இரண்டு தடவை வாசித்தாயாம், ரொட்டி கருகிப்போனதாம். அடுத்த மலருக்கு எழுத்துக் கேட்டு அறிவித்தல் ஒட்டிய மறுநாளே இந்த இரண்டு தாள்களோடு வந்தாய்.

"விருந்தாளி பக்கத்துல போடு," என்றாய்.

'பத்து மணிக்கு நான் எங்கே இருக்கிறேன்' என்று தலைப்பு வைத்திருந்தாய். பத்து மணிக்கு நாலாம் நம்பர் மலையில் அட்டைக் கடியோடு நிற்கிறேன் என்று தொடங்கி, அன்றைக்குக் கூட்டத்துக்கு வராத ஒவ்வொருத்தியும் எந்த மலையில், எந்த நிரையில் நின்றாள் என்று பெயர் சொல்லி எழுதியிருந்தாய். இரண்டாவது தாளில் இப்படி வருகிறது: 'என் மகளுக்குக் கணக்கு வராது என்று அவளுடைய டீச்சர் சொன்னார். சின்ன வயதில் என்னையும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கும் கணக்கு வாத்தியார் இருந்ததில்லை, என் மகளுக்கும் இல்லை. அந்த டீச்சருக்கு இது நன்றாகத் தெரியும். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்தான்.' கடைசிப் பத்தி இது: 'கூட்டத்தைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வையுங்கள். அந்தி நிறுவைக்கு நாங்கள் எல்லோரும் அங்கேதான் நிற்போம். எங்களை வா வா என்று கூப்பிட்டது போதும். நீங்கள் வாருங்கள்.'

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் என் கையால் இங்கே எழுதிவிடுகிறேன். தலைப்பை 'பிள்ளைகளின் கல்வியில் பெற்றோரின் பங்கு' என்று மாற்றினேன். அம்மாமாரின் பெயர்களை எடுத்தேன். கடைசிப் பத்தியை, 'பெற்றோருக்கு வசதியான நேரத்தில் கூட்டம் நடத்தினால் நன்று' என்று ஒரே வரியாக்கினேன். ஒரே வாங்கில் படித்த டீச்சரைப் பற்றிய வரிகளை அடியோடு வெட்டினேன். கீழே உன் பெயரை எடுத்துவிட்டு, 'ஒரு பெற்றோர்' என்று போட்டேன். விருந்தினர் பக்கத்தில் அல்ல, கடைசிப் பக்கத்தில், வாழ்த்துச் செய்திகளுக்குப் பக்கத்தில்.

மலர் வந்த ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டுக்கு வந்தாய். மலரை மேசையில் விரித்து வைத்தாய்.

"இத யாரு எழுதினது டீச்சர்?"

"நீதானே எழுதின."

"நானா? நான் இவ்வளவு பதவிசா எழுதுவேனா? எஞ் சோத்துல இருந்த உப்ப எடுத்துட்டு எனக்கே பரிமாறுறியே புள்ள."

தோட்டத்தை நடத்துகிற துரை பார்த்தால் உனக்குத்தான் பிரச்சினை வரும், உன் நன்மைக்காகத்தான் பெயரை எடுத்தேன் என்று ஏதேதோ சொன்னேன். நீ முழுவதையும் கேட்டாய்.

"எனக்கு வர்ற பிரச்சனைய நான் பாத்துக்குவேன். ஒனக்கு வந்த வெக்கத்துக்கு எம் பேர எதுக்கு வெட்டின?"

அழுதேன். மன்னித்துவிடு என்றேன். நீ எழுந்து போய் என் அடுப்பில் கிடந்த கேத்தலைச் சூடாக்கி, என் வீட்டுத் தேத்தண்ணியை எனக்கே ஊற்றிக் கொடுத்தாய். "மன்னிப்பெல்லாம் வேணாம். அடுத்த தடவ வெட்டாத. அவ்வளவுதான்," என்றாய். படியிறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னாய்: "வெள்ளிக்கெழம நாலரைக்கு மடுவத்துக்கு வா. மார்க்ஸ் புஸ்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா."

போனேன். அன்றும் மழை. மார்க்ஸ் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு பள்ளி ஆசிரியை மடுவத்துக்குள் எப்படி நுழைவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். என் அம்மா முப்பது வருடம் கூடையோடு நுழைந்த வாசல் அது.

கணக்கப்பிள்ளை தராசுப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "என்னா இது, மடுவமா பள்ளிக்கூடமா?" என்றார்.

"நிறுவதான் முடிஞ்சிருச்சே ஐயா, தராசு சும்மாதானே தொங்குது," என்றாய் நீ. "டீச்சர் எவ்வளவு கனம்னு நிறுத்துப் பாத்துட்டு அனுப்பிடுறோம்."

கூடைக்காரிகள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்துவிட்டு, ஒரு சாக்கை மடித்து எனக்கு உட்காரப் போட்டார். உன் கட்டுரையை, நான் வெட்டுவதற்கு முந்தைய முழுக் கட்டுரையை, நீ எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாய். அந்த டீச்சரைப் பற்றிய வரி வந்தபோது நீ என்னைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் சாக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கேள்விகள் வந்தன. பத்து மணிக் கூட்டங்களில், பிள்ளை எத்தனை மார்க் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள். மடுவத்தில் யாரும் மார்க் கேட்கவில்லை. கணக்கு டீச்சர் எத்தனை வருடமாக இல்லை என்று கேட்டார்கள். அதை யாரிடம் எழுதிக் கேட்க வேண்டும், எழுதினால் எத்தனை நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று கேட்டார்கள். பாதிக் கேள்விக்கு எனக்கே விடை தெரியவில்லை. அக்கறை இல்லாதவர்கள் என்று அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தோமே, அந்தப் பெண்கள்தான் கேட்டார்கள். அன்றைக்கே கணக்கப்பிள்ளையின் மேசையில் வைத்து ஒரு மனு எழுதினோம். கையெழுத்துப் போட்டவர்களின் விரல் கறையும் பக்கத்திலேயே விழுந்தது. தாள் அழுக்காகிவிட்டதே, வேறு எழுதவா என்றேன். "இருக்கட்டும். எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியட்டும்," என்றாய்.

மனு அனுப்பி ஒரு வருடம் கழித்துக் கணக்கு ஆசிரியர் ஒருவர் வந்தார். ஏழு மாதத்தில் மாற்றலாகிப் போனார். மறுபடி எழுதினோம். வெள்ளிக்கிழமைதோறும் மடுவத்தில் நடந்த நாலரைக் கூட்டம் மட்டும் நிற்கவில்லை. வயிற்றில் கட்டி என்று பதுளை ஆஸ்பத்திரியில் உன்னைப் படுக்கவைத்திருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தோடம்பழத்தோடு உன்னைப் பார்க்க வந்தேன். நீ பழத்தைப் பார்க்கவில்லை, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாய்.

"கூட்டத்த விட்டுட்டு இங்க எதுக்கு வந்த?"

"ஒன்னப் பாக்கத்தான்."

"நான் எங்கயும் ஓடிட மாட்டேன். நீ போ."

நீ ஓடித்தான் போனாய், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள். இதில் மட்டும் உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. நீ போன பிறகு உன் மகள் இரண்டாம் முறை எழுதிக் கணக்கில் சித்தியடைந்தாள். பெறுபேறு வந்த அன்று நேரே என்னிடம் ஓடி வந்தாள். அவள் ஓடி வந்திருக்க வேண்டிய இடம் என் வீடு அல்ல.

இனி நேற்று நடந்ததைக் கேள். அதிபர் நல்ல மனிதர், மெதுவாகத்தான் பேசினார்.

"டீச்சர், அவங்க எறந்துட்டாங்க. அஞ்சலிப் பக்கத்துல படத்தோட, சுத்திக் கறுப்புக் கரை போட்டு, நாலு நல்ல வார்த்த நீங்களே எழுதிப் போடுங்க. மரியாதையா இருக்கும்."

"அவ எழுதினதையே போடலாமே சேர்."

"விருந்தினர் பக்கம்னா ஒரு தகுதி வேணும்ல," என்றார் மலர்க் குழுவிலிருந்த இன்னொருவர். "அலுவலகத்துல இருக்கவங்க, முதலாளிமார் எழுதுற பக்கத்துல, கொழுந்து பறிக்கிறவங்க எழுத்தையும் சேத்துப் போட்டா அவங்க என்ன நெனைப்பாங்க?"

"வாசிச்சா நல்லா நெனைப்பாங்க," என்றேன்.

"அந்த டீச்சர் பத்தின வரி ஒங்களுக்கே அசிங்கமா இல்லையா?"

"அசிங்கந்தான். அதனாலதான் போடுறேன்."

உயிரோடு இருந்தபோது உன் பெயரை வெட்டினோம். செத்த பிறகு கறுப்புக் கரை போட்டுக் கும்பிடலாம் என்கிறார்கள். கும்பிட்டுவிட்டால் பிறகு பதில் சொல்ல வேண்டியதில்லை பார். நீ எழுதியது கேள்வி. இந்த நிமிடம்வரை பள்ளியின் பெற்றோர் கூட்டம் காலை பத்து மணிக்குத்தான் நடக்கிறது. மடுவத்துக் கூட்டத்தை யாரும் கூட்டமாகப் பதிவதில்லை. சிவப்புக் கோடுகள் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் பள்ளிக்கு இன்றைக்கும் கணக்கு ஆசிரியர் இல்லை. இதற்கெல்லாம் பதில் வரட்டும், அதன் பிறகு உனக்கு அஞ்சலி எழுதுவதைப் பற்றி யோசிக்கிறேன்.

எழுந்து வரும்போது அந்த இன்னொருவர், யாரையும் குறிப்பிட்டுச் சொல்லாத மாதிரி, "இப்பிடியே போனா மாற்றல்தான் வரும்," என்றார்.

"வரட்டும் சேர். மடுவம் இல்லாத தோட்டம் எது?" என்றேன்.

இதைச் சொன்னது நானா என்று எனக்கே ஆச்சரியம். உன் வாய் என்னிடம் கொஞ்சம் தங்கிவிட்டது போலிருக்கிறது.

இன்று காலை தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதுளைக்குப் பஸ் ஏறினேன். தொகுப்பாளர் கையெழுத்து விழாமல் மலர் அச்சேறாது. அந்தக் கையெழுத்து என்னுடையது. அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோர்க்கிற பெண் பிள்ளை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையாம், உன் தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு தட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது தாளுக்கு வந்ததும் அவள் கை நின்றது.

"டீச்சர், இதுல வர்ற டீச்சர் யாரு?"

"நான்தாம்மா."

அவள் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெட்டிரவா?" என்றாள். பாவம், எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தாள்.

"வெட்டாத," என்றேன்.

விருந்தினர் பக்கத்தில் முதலாவதாக நீதான் நிற்கிறாய். அலுவலகமும் முதலாளியும் உனக்குப் பின்னால். மலையில் நின்ற அம்மாமாரின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. கடைசியில் உன் முழுப் பெயர், அதற்குக் கீழே 'கொழுந்து பறிப்பவர்' என்று போடச் சொன்னேன். இந்த மடலில் உன் பெயரை நான் எங்கும் எழுதவில்லை, கவனித்தாயா? ஒரு தடவை மறைத்த கை இது. அது இருக்க வேண்டிய இடத்தில் அச்சில் இருக்கட்டும் என்று, அங்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மலர் கைக்கு வந்துவிடும். நாலரைக்கு மார்க்ஸ் புத்தகத்தோடு அதையும் அதே பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு மடுவத்துக்குப் போவேன். உன் மகள் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த டீச்சர் வருகிற வரி வந்ததும், சாக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். எழுந்து நிற்பேன். உன் சனங்கள் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த தடவை வெட்டாதே என்றாய். வெட்டவில்லை புள்ள, ஒரு வரிகூட.